சாளை வந்த அன்று அடித்த கோல்

சவேரியான்துறை பெர்க்மான்ஸ் கார்னரிலிருந்து நேராக அடித்த அந்தக் கோலை ஊரே கூடி நின்று பார்த்தது என்று பலர் நம்புகிறார்கள். படித்தவர்களும் நம்புகிறார்கள் என்பதால் இதைச் சற்று அழுத்தியே மறுக்க வேண்டியிருக்கிறது. பார்த்தவர்கள் பன்னிரண்டாயிரம் பேர் என்பது ஒரு கட்சி. பதினைந்தாயிரம் என்பது அதைவிடப் பக்தி முற்றிய இன்னொரு கட்சி. கீழத்துறை, மேலத்துறைக்காரர்களையும் சேர்த்துக்கொண்டு இருபதாயிரத்தில் கொண்டுபோய் நிறுத்துகிற மூன்றாவது கட்சியும் உண்டு. அவர்கள் பெரும்பாலும் வளைகுடா நாடுகளில் இருக்கிறார்கள். மைதானமோ, கோயில் மதில்மேல் நிற்பவர்களையும், தென்னைமரத்தில் ஏறிக்கொண்டு இறங்க மறுப்பவர்களையும் கணக்கில் சேர்த்தாலும் எண்ணூறு பேருக்கு மேல் தாங்காது. அந்த எண்ணூறு பேரும் அன்று கோலைப் பார்க்கவில்லை. அவர்கள் பார்த்தது சாளை மீன்.

மாதா திருவிழாக் கோப்பையின் இறுதியாட்டம் அது, சவேரியான்துறைக்கும் பக்கத்து ஊரான கீழத்துறைக்கும். ஞாயிற்றுக்கிழமை கோலில்லாமல் முடிந்ததால் செவ்வாய்க்கிழமை மறுபடியும் ஆடினார்கள். ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் சவேரியான்துறைக்குக் கடல்பக்கத்து மூலையில் ஒரு கார்னர் கிடைத்தது, பெர்க்மான்ஸ் பந்தை வைத்தான், சட்டையில் கையைத் துடைத்தான், நாலடி பின்னால் போனான், அந்த நொடியில் கரையிலிருந்து "சாளை! சாளை!" என்று ஒரு குரல் வந்தது. வாரக்கணக்காகக் கடல் வெறும் பாசியை மட்டும் கொடுத்துக்கொண்டிருந்த வறுதிக்காலம் அது. வீடுகளில் உப்பும் புளியும் கரைத்துக் குடித்துக்கொண்டிருந்தார்கள். ஆகவே மதில்மேல் நின்றவர்கள் மதிலிலிருந்தும் மரத்தில் இருந்தவர்கள் மரத்திலிருந்தும் குதித்து, ஆட்டக்காரர்களில் பாதிப்பேர் பூட்சோடு தாவி, எல்லைக்கோட்டில் கொடியோடு நின்றவன் கொடியோடும் ஓடி, ஊர் மொத்தமும் மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெள்ளியாய்க் கொதித்த கடலுக்குள் இறங்கியது. ஓர் அணியில் ஏழு பேருக்குக் குறைந்தால் ஆட்டத்தை நிறுத்த வேண்டும் என்பது விதி. நடுவர் எண்ணவில்லை. அவரும் கடலைப் பார்த்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். பந்து வலைக்குள் கிடப்பதைக் கண்டதும் கடமை தவறாமல் விசிலை ஊதினார்.

சாயங்காலம் மீன் ஏலம் போட்டு முடிந்த பிறகுதான் "ஆட்டம் என்னவே ஆச்சு?" என்று ஒருவரையொருவர் கேட்டார்கள். பெர்க்மான்ஸ் சொன்னான். மறுநாள் அவன் சொன்னதைச் சொன்னார்கள். கிறிஸ்துமஸ் வந்தபோது தாங்களே பார்த்ததைச் சொன்னார்கள். பந்து கோயில் கொடிமரத்தைச் சுற்றிக்கொண்டு வந்தது என்றார்கள். கடல்காற்று அதைக் கையில் எடுத்து வைத்தது என்றார்கள். மாதா சொரூபம் தலையைத் திருப்பியது என்றும் சிலர் சொல்ல, அப்போதைய பங்குச்சாமி அதை மட்டும் பிரசங்கத்தில் கண்டித்தார். அந்தச் செவ்வாய்க்கிழமையின் சாளையையும் எல்லோரும் நினைவு வைத்திருந்தார்கள், யார் எத்தனை கூடை சுமந்தார்கள் என்பது வரைக்கும். இரண்டும் ஒரே நாளில், ஒரே நொடியில் நடந்தவை என்பதை முப்பது சொச்சம் வருஷமாக ஊரில் ஒருவரும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை.

வைத்துப் பார்த்தவன் ததேயுஸ் ஒருவன்தான். கோலை வாங்கிய கீழத்துறைக் கோலி அவன்.

அந்தக் கோலை வாங்கிய இரண்டாம் வருஷம் ததேயுஸ் சவேரியான்துறையில் பெண்ணெடுத்து, மாமனாரின் வள்ளத்தில் பங்கு சேர்ந்து, அந்த ஊர்க்காரனாகவே ஆகிவிட்டிருந்தான். பெண் பிரகாசி. இரண்டு ஊருக்கும் பேச்சுவார்த்தை இல்லாதிருந்த அந்தக் காலத்தில் அவள் எப்படிச் சம்மதித்தாள் என்று கேட்டவர்களிடமெல்லாம் ஒரே பதிலைத்தான் சொன்னாள்: "கோல் வாங்கிட்டு நிண்ணாருல்லா, அந்த மூஞ்சியப் பாத்தேன். பாவமா இருந்து. செரின்னுட்டேன்." கல்யாணத்தில் சொன்னாள், பிள்ளைகளின் ஞானஸ்நானத்தில் சொன்னாள், சண்டைகளில் உரக்கச் சொன்னாள். ததேயுஸ் ஒவ்வொரு முறையும் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டான். அது பொய் என்று அவனுக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்றால், கடல்பக்கத்து மூலையில் பந்தை வைத்துக்கொண்டு நிற்பவனைப் பார்க்கிற கோலிக்கு அவன் தோளுக்குப் பின்னால் கரை முழுவதும் தெரியும். அன்று அந்தக் கரையில் ஒரு பெண், அலை மணலில் எறிந்ததை முதல் ஆளாய் அள்ளி, தலையில் நிறைகூடைச் சாளையோடு, ஒரு காலில் மட்டும் செருப்போடு, வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு ஓடினாள். ததேயுஸ் அவளைப் பார்த்தான். பார்வையை எடுத்தபோது பந்து அவனுக்குப் பின்னால் வலையில் கிடந்தது. அவளையே பார்த்துக்கொண்டிருந்தவனுக்குத் தெரியாதா, அவள் இந்தப் பக்கம் திரும்பினாளா இல்லையா என்று? ஆனாலும் ஒரு பெண் தன்னைக் கட்டிக்கொள்வதற்காகச் சொன்ன பொய்யைக் கண்டுபிடித்துச் சொல்லும் அளவுக்கு அவன் மடையன் இல்லை. பதிலுக்கு அவனும், பந்து எப்படி வந்தது, எந்த இடத்தில் வளைந்தது, விரல் நுனியை எப்படி உரசிப்போனது என்று கேட்பவர்களுக்கெல்லாம் கையை வளைத்துக் காட்டிக்கொண்டு காலத்தை ஓட்டினான்.

பெர்க்மான்ஸ் ஒரு புதன்கிழமை காலையில் பாதிக் கட்டன்சாயாவை மிச்சம் வைத்துவிட்டு இறந்துபோனார். இடைப்பட்ட காலத்தில் அவர் பெரிய துறைமுக அணிகளுக்கு ஆடியிருந்தார், மாநிலத்துக்கு ஆடியிருந்தார், முட்டி போய்த் திரும்பி வந்து எல்லோரையும்போல வலை பின்னியிருந்தார். அவரைப் பற்றி ஊர் பெருமையாகச் சொல்வதில் இரண்டாவது பெரிய விஷயம், அவர் ஆயுளில் ஒரு தடவையும் பந்தைப் பின்னால் இருப்பவனுக்குக் கொடுத்ததில்லை என்பது. முன்னால் ஆளே இல்லாவிட்டாலும் முன்னால்தான் அடிப்பார். முதலாவது விஷயம் சொல்ல வேண்டியதில்லை.

ஆட்டக்காரன் இறந்தால் அவன் பெட்டியை மேற்குக் கோல் கம்பங்களுக்கு நடுவே உள்ளே கொண்டுவந்து, மைதானத்தின் நீளம் முழுக்கத் தோளில் சுமந்து, வலை கழற்றிய கிழக்குக் கோல் வழியாக வெளியேற்றி, அதற்குப் பின்னால் இருக்கிற கல்லறைத் தோட்டத்துக்குள் எடுத்துப்போவது சவேரியான்துறை வழக்கம். கோயில் மணி நிற்பதற்குள் முடிந்துவிடுகிற நடைதான். வியாழக்கிழமை மூன்று மணிக்குப் பெட்டி மேற்குக் கோலுக்கு வந்தபோது கிளப் செயலாளர் கிளீட்டஸ் ஆட்டோவில் கட்டிய மைக்கில் அறிவித்தான்: "நம்ம பெர்க்மான்ஸ் அண்ணனுக்க அந்தக் கோலை ஆரெல்லாம் நேர்ல கண்டியளோ, அவிய எல்லாரும் பெட்டி கூட வாங்க! காணாதவிய வெளிய நிண்ணு செபம் சொல்லுங்க!"

வெளியே நின்று செபம் சொல்ல ஒருவரும் இல்லை.

பெட்டியை ஆறு பேர் சுமந்தார்கள். முன்னால் இடதுபக்கம் ததேயுஸ். அதைப் பெர்க்மான்ஸே உயிரோடிருக்கும்போது சொல்லிவைத்திருந்தார், "எனக்கப் பந்தை நீ பிடிக்கலல்லா, பெட்டியையாவது பிடி" என்று. பேண்டு வாசித்தது, பங்குச்சாமி வென்சஸ்லாஸ் குடையின் கீழ் நடந்தார், பின்னால் ஊரும் ஊரைச் சேர்ந்தவர்களும் ஊரைச் சேர்ந்தவர்களைத் தெரிந்தவர்களும் வந்தார்கள். கோயில் மணி நின்றது. பேண்டுக்காரர்கள் தங்களுக்குத் தெரிந்த சோகப் பாட்டுகள் எல்லாவற்றையும் வாசித்து முடித்துத் திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். நடுவட்டம் இன்னும் வரவில்லை.

முதலில் சுமப்பவர்கள் மெதுவாக நடக்கிறார்கள் என்று பேசிக்கொண்டார்கள். பிறகு சுமப்பவர்களை மாற்றினார்கள். ததேயுஸ் மட்டும் மாற மறுத்தான். வெயில் சாய்ந்தபோதும் கிழக்குக் கோல் தீப்பெட்டி அளவில்தான் தெரிந்தது. யாரும் வியப்படையவில்லை. "பெரிய ஆட்டக்காரன்லா, எடம் கூடத்தான் வேணும்" என்று ஒருவர் சொல்ல, அது எல்லோருக்கும் நியாயமாகப் பட்டது. ஐஸ் பிளாண்டிலிருந்து சூரை மீனுக்கு என்று வைத்திருந்த ஐஸை உடைத்துக் கொண்டுவந்து பெட்டிக்குள் அடுக்கி, பெட்ரோமாக்ஸ் ஏற்றி, செபமாலை சொல்லிக்கொண்டே அங்கேயே தங்கினார்கள்.

வெள்ளிக்கிழமை ஊர் மைதானத்துக்குள் குடியேறியது. கோடு இல்லாத மைதானம் மைதானம் இல்லை என்று கிளீட்டஸ் வற்புறுத்தியதால் இருவர் சுண்ணாம்புச் சட்டியோடு ஊர்வலத்துக்கு முன்னால் நடந்து எல்லைக்கோடு போட்டுக்கொண்டே போனார்கள். ஒருவன் சாயாக்கடை வைத்தான். ஊர்வலம் நகர நகரக் கடையையும் நகர்த்திக்கொண்டு போவது சலிப்பாக இருந்ததால் மத்தியானம் இன்னொரு கடையையும் வைத்தான். பெண்கள், இவ்வளவு வெறும் மணல் வீணாகக் கிடப்பதைப் பொறுக்காமல், ஓரங்களில் நெத்திலி காயப்போட்டார்கள். யாரும் எப்போதும் ஆடியிராத அந்த இடங்களில் கால் படாத அடம்பங்கொடியும், என்றைக்கோ காணாமல்போன பந்துகளும் கிடந்தன; பந்துகளைப் பார்த்தவர்கள் அவை யாருடையவை என்று அடையாளம் சொல்லிச் சண்டையிட்டார்கள். கிராம நிர்வாக அலுவலர் வந்து வெளியிலிருந்து சங்கிலி பிடித்து அளந்து, மைதானம் பதிவேட்டில் உள்ளபடியே இருக்கிறது, ஒரு சாணும் கூடவில்லை என்று சொல்லிவிட்டு, தானும் அந்தக் கோலைப் பார்த்தவர் என்பதால் உள்ளே வந்து சேர்ந்துகொண்டார். கீழத்துறைக்காரர்கள் லாரியில் வந்து, "கோல் வாங்குனது எங்க ஊரு, எங்களவிட எவன்வே கண்டான்?" என்று நெஞ்சை நிமிர்த்த, மைதானம் அதற்கும் நீண்டது. தொகுதிச் சட்டமன்ற உறுப்பினர் வந்து, "சின்ன வயசில் அப்பா தோளில் உட்கார்ந்து பார்த்தேன்" என்று மைக்கில் சொன்னபோது, அவரோடு வந்த கூட்டமும் "ஆமா, ஆமா" என்றதால், கிழக்குக் கோல் கண்ணுக்கு மறைந்தே போனது.

பின்னால் திரும்பினால் மேற்குக் கோல் எப்போதும் பக்கத்திலேயே இருந்தது. வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு வருவதற்கு ஒரு தடையும் இல்லை. அப்படியே பெட்டியையும் திருப்பி, வெளியே ரோடு வழியாகக் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோய்விடலாமே என்று பங்குச்சாமி ஒரு யோசனை சொன்னார்.

ஊர்வலம் அப்படியே நின்றது.

"பெர்க்மான்ஸை பின்னாலயா?" என்றான் கிளீட்டஸ், மைக்கை அணைக்க மறந்து. "ஒரு பந்து பின்னால குடுத்தவரில்ல சாமி அவரு. அவரையே பின்னால குடுக்கணுமா?"

சாமி செபப்புத்தகத்தைத் திறந்துகொண்டார்.

பெர்க்மான்ஸின் மனைவி எலிசா மலையோரத்து ரப்பர்த் தோட்ட ஊரிலிருந்து பிற்பாடு வாழ்க்கைப்பட்டு வந்தவர். பந்தாட்டத்தில் பந்து உருண்டை என்பதைத் தாண்டி அக்கறை காட்டாதவர். அவர் பெட்டிக்குப் பின்னால் இரண்டு நாள் மரியாதைக்காக நடந்துவிட்டு, வெள்ளிக்கிழமை சாயங்காலம் பொறுமை இழந்து, எல்லோரையும் கடந்து முன்னால் போனார். சுமப்பவர்கள் தோள் மாற்றி இன்னொரு பாட்டு முடிவதற்குள் எதிர்த்திசையில் திரும்பி வந்தார்.

"குழி வெட்டிப் போட்டு ரண்டு நாளாச்சு. வெட்டினவனுவ அதுக்குள்ள படுத்துக் கிடக்கானுவ," என்றார். "நீங்கெல்லாம் இங்க என்ன செய்யிதிய?"

"மைனி, அங்கயா போனிய? கல்லறைக்கா?" என்று கேட்டான் ததேயுஸ்.

"பின்ன? அந்தால இருக்கு."

மறுபடியும் போய் வந்து காட்டினார். ஆடுகளும் வழக்கம்போல இந்தக் கோலுக்கும் அந்தக் கோலுக்கும் போய் வந்துகொண்டிருந்ததை அப்போதுதான் கவனித்தார்கள். எலிசாவும் ஆடுகளும் செய்யாத எந்தக் காரியத்தை மற்றவர்கள் செய்திருக்கிறார்கள் என்ற கேள்வி ஊர்வலத்தின் தலையிலிருந்து வால்வரைக்கும் மெல்லப் பரவியது. எலிசாவே அதற்கும் பதில் சொன்னார்.

"எனக்க மாப்பிள படுக்கும்போ சொல்லிச் சிரிப்பாரு. 'எலிசா, நல்ல கோலு அது. பந்து போறத நான் ஒருத்தன்தான் கண்டேன். மத்தவனெல்லாம் சாளை பாக்கப் போயிட்டான்'னு. நீங்க பாத்தோம் பாத்தோம்னு சொல்லும்போ மூஞ்சியத் திருப்பிக்கிடுவாரு, சிரிப்பு வந்துரும்னு. இப்ப அவரும் போயாச்சு. பாக்காதவனெல்லாம் பாத்தேன்னு வந்து நிண்ணா எடம் பத்துமா? மைதானம் என்ன செய்யும், பாவம்?"

அதற்குமேல் காரணம் ஏதும் யாரும் கேட்கவில்லை. முதலில் தொண்டையைச் செருமியது பங்குச்சாமி வென்சஸ்லாஸ். கோலைத் தான் பார்த்ததாகப் போன வருஷம் திருவிழாப் பிரசங்கத்தில் சொன்னவர் அவர். "அப்ப நான் மதுரைப் பக்கம் குருமடத்தில் படித்துக்கொண்டிருந்தேன்," என்றார். "ஒரு உவமையாகத்தான் சொன்னேன்." சொல்லிவிட்டு ஓரடி எடுத்துவைத்தவர், தூரத்தில், கல்லறைத் தோட்டத்து வாசலில் நின்று குடையை ஆட்டினார்.

அதன்பிறகு சனிக்கிழமை விடிந்ததிலிருந்து ஆட்கள் ஒவ்வொருவராகச் சொன்னார்கள். சிலர் உரக்கச் சொன்னார்கள், சிலர் பாவசங்கீர்த்தனத்தில் சொல்வதுபோலப் பக்கத்தில் நிற்பவரின் காதில் சொன்னார்கள். நான் வலை இழுத்தேன். நான் ஏலம் கூறினேன். எனக்கு அன்று அம்மை போட்டிருந்தது. சொன்னவர்கள் எலிசாவைப் போலச் சாதாரணமாக நடந்து கோலைத் தாண்டி அந்தப்பக்கம் போய், நிழல் பார்த்து உட்கார்ந்துகொண்டு, சொல்லாதவர்களுக்காகக் காத்திருந்தார்கள். சட்டமன்ற உறுப்பினர் எதுவும் சொல்லாமல் மேற்குக் கோல் வழியாகத் திரும்பிப் போனார். பெட்டி மட்டும் நகரவில்லை. ஏனென்றால் பெட்டியைச் சுமக்கும் ஆறு பேரில் ஒருவன் பார்த்தேன் என்றாலும் அவனுடைய மைதானத்தின் நீளத்துக்குத்தான் பெட்டி நடந்தாக வேண்டும். பின்னால் சுமந்தவர்களில் ஒருவன், மீசை சரியாக அரும்பாதவன், கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நான் அப்பம் பொறக்கவே இல்ல" என்றான்.

"அது எங்களுக்குத் தெரியாதாலேய்?" என்றார் பக்கத்திலிருந்தவர்.

"தெரிஞ்சா இத்தன வருசம் ஒக்காந்து கேட்டிய?"

"நல்லா சொன்னியே மக்கா, அதான் கேட்டோம்."

கடைசியில் ஐந்து பேர் சொல்லி முடித்திருந்தார்கள். மிச்சம் முன்னால் இடதுபக்கம். ததேயுஸ் வாயைத் திறப்பதற்குள் கிளீட்டஸ் மைக்கும் கையுமாக ஆட்டோவிலிருந்து குதித்து ஓடிவந்து அவன் கையைப் பிடித்தான். கிளீட்டஸின் கண்கள் சிவந்திருந்தன. ஊரிலேயே பெர்க்மான்ஸை அதிகம் நேசித்தவன் அவன்தான் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும்.

"ஓய், நீரு மட்டும் சொல்லிராதியும். பெர்க்மான்ஸ் அண்ணன் போயாச்சு. நடுவரு செத்து எத்தன வருசமாச்சு. இனி கோலியும் பாக்கலன்னுட்டா அந்தக் கோலு எங்கவே இருக்கும்? இவனுவ எல்லாம் வாபஸ் வாங்கியாச்சு. நீரும் வாங்குனா, அப்பிடி ஒரு கோலே விழலன்னு ஆயிரும். உமக்கக் கீழத்துறைக்காரனுவ நாளைக்கே கோப்பையக் கேட்டு வருவானுவ."

"அப்ப பெட்டிய என்னடே செய்ய?"

"சுமப்போம். எவ்வளவு தூரமானாலும் நம்ம ரண்டுபேரும் சுமப்போம். நானும் கண்டேன், நீரும் கண்டீரு."

அவன் சொல்வதில் நியாயம் இருந்தது. ததேயுஸின் தோளில் பெட்டி இருந்தது; பெட்டிக்குள் ஐஸ் கரைந்து முதுகில் ஒழுகிக்கொண்டிருந்தது. பெர்க்மான்ஸைப் புதைத்தால் கோல் போய்விடும். கோலைக் காப்பாற்றினால் பெர்க்மான்ஸ் மண்ணுக்குப் போகமுடியாமல் இந்தச் சுண்ணாம்புக் கோடுகளுக்கு நடுவே அலைய வேண்டும். இதையாவது அவன் ஒருவிதமாகத் தீர்த்திருப்பான். அவனைத் தடுத்தது வேறு. பந்தைப் பார்க்கவில்லை என்றால் எதைப் பார்த்தாய் என்று கேட்பார்கள். அவளைப் பார்த்தேன் என்று சொன்னால், அவள் அப்போது எங்கே நின்றாள் என்று கேட்பார்கள். முப்பது வருஷமாகப் பிரகாசி சொல்லிவந்தது ஊர் நடுவே, மைக் முன்னால், பொய்யாகிவிடும்.

பிரகாசி மூன்று நாளும் அவனுக்குப் பக்கத்தில்தான் நடந்துகொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமை இரண்டு தரம் எங்கோ போய்விட்டு வந்தாள். ஒரு தரம் திரும்பி வந்தபோது அவள் பாதத்தில் செம்மண் ஒட்டியிருந்தது. மைதானத்தில் வெள்ளை மணல். சவேரியான்துறையில் செம்மண் இருப்பது கல்லறைத் தோட்டத்தில் மட்டும். ததேயுஸ் அதைக் கண்டான்; தோள்வலியில் வேறெதும் நினைக்கவில்லை.

"என்ன யோசிக்கிய?" என்றாள் அவள் இப்போது, முந்தானையால் அவன் கழுத்தைத் துடைத்துவிட்டு. "சொல்லுகதுக்கு என்ன? எல்லாவனும் சொல்லிட்டுப் போயாச்சு."

"நான் பந்தப் பாக்கல பிரகாசி," என்றான், அவளுக்கு மட்டும் கேட்கும்படி.

"எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"பந்து வலைக்குள்ள கெடந்த பெறவும் நீங்க திரும்பல. கைய ரண்டயும் தொங்கவிட்டுட்டு என்னையே பாத்துட்டு நிண்ணிய. நடுவரு விசில் ஊதுன பெறவும் பாத்துட்டு நிண்ணிய. அந்த மூஞ்சியத்தான் பாவமா இருந்துன்னேன். எத்தன தரம் சொல்லியாச்சு?"

"நீ இந்தப் பக்கம் திரும்பவே இல்லியே."

"கூடை தலையில இருக்கும்போ கழுத்தத் திருப்ப முடியுமா? கண்ணத் திருப்புனா போதாதா?" என்றாள் பிரகாசி. "கோலையெல்லாம் நான் காணல. கண்டேன்னு சொன்னதும் இல்ல. எனக்கு எதுக்கு அது?"

ததேயுஸ் பெட்டியைச் சுமந்துகொண்டே அவள் பாதத்தைப் பார்த்தான். செம்மண் காய்ந்து உதிர்ந்துகொண்டிருந்தது. "அப்பம் ஒனக்கு இந்த மைதானம் நீளவே இல்லியா?"

"இல்ல. நேத்து அம்மைக்கக் கல்லறையில மெழுகுதிரி வச்சிட்டு வந்தேன்."

"பெறவு எதுக்கு மூணு நாளா வெயில்ல எங்கூட நடக்க?"

"நீங்க நடந்தியளே," என்றாள் அவள்.

ததேயுஸ் கிளீட்டஸின் பக்கம் திரும்பினான். அவன் கையிலிருந்த மைக் இன்னும் அணைக்கப்படாமலே இருந்தது. ததேயுஸ் குனிந்து, சாட்சி சொல்பவனைப்போல நிறுத்தி நிதானமாக, அன்று தான் பந்தைப் பார்க்கவில்லை என்றும், கரையில் சாளைக்கூடையோடு ஓடிய பிரகாசியைப் பார்த்துக்கொண்டிருந்ததாகவும், பந்து வளைந்ததா கொடிமரத்தைச் சுற்றியதா என்பது பெர்க்மான்ஸ் ஒருவருக்குத்தான் தெரியும் என்றும் சொன்னான். மைதானத்தின் அந்தப்பக்கம் நிழலில் உட்கார்ந்திருந்தவர்களில் யாரோ விசில் அடித்தார்கள். பிரகாசி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

கிழக்குக் கோல் கைதொடும் தூரத்தில் நின்றது. பெர்க்மான்ஸ் அதன் வழியாக, முன்னோக்கியே, போய்ச் சேர்ந்தார். குழியில் படுத்திருந்தவர்களை எழுப்பிவிட்டு அவரை இறக்கினார்கள். எலிசா முதல் பிடி மண்ணைப் போட்டுவிட்டு, "இனி சிரிச்சிக்கிடும்" என்றார்.

கீழத்துறை கிளப், அடுத்த வாரமே, கிளீட்டஸ் பயந்தபடி, சாட்சியில்லாத கோல் செல்லாது, இறுதியாட்டத்தை நின்ற இடத்திலிருந்து, அதாவது கோலில்லாமல், கடல்பக்கத்து மூலையில் பந்தை வைத்துத் தொடர வேண்டும் என்று கேட்டது. இரண்டு ஊர்ப் பங்குகளும் கூடிப் பேசி ஒப்புக்கொண்டன. கோலில் ததேயுஸே நிற்க வேண்டும் என்பதிலும் கருத்து வேறுபாடு இல்லை. பழைய கையுறை அவனுக்குப் பத்தாததால் புதிது வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். யார் அடிப்பது என்பதில் மட்டும் இன்னும் முடிவாகவில்லை. ஆட்டத்தன்று கரையில் என்ன குரல் கேட்டாலும் யாரும் தலையைத் திருப்பக்கூடாது என்று கோயிலில் அறிவிப்பு வாசித்திருக்கிறார்கள். கிளீட்டஸ் ஒரு சொல்லையும் வாபஸ் வாங்கவில்லை. காலையில் சாப்பாட்டுப் பாத்திரத்தோடு மேற்குக் கோல் வழியாகப் பெர்க்மான்ஸின் கல்லறைக்கு என்று கிளம்புகிறான், இருட்டுவதற்குள் திரும்பிவிடுகிறான், கடைசியாக விசாரித்தபோது நடுவட்டத்தைத் தாண்டியிருந்தான்.

பிரகாசி சந்தையிலிருந்து ஒரு புதுக் கூடை வாங்கி வந்திருக்கிறாள்.